கெடா தோட்டங்களில் குடியை விட்ட வரலாறு

புக்கிட் செலம்பாவ், கெடா மாநிலத்தின் கோல மூடா மாவட்டத்தில், சுங்கை பட்டாணிக்குக் கிழக்கே உள்ள சிற்றூர். 2009 ஏப்ரலில் நடந்த சட்டமன்ற இடைத்தேர்தலில் 15 பேர் போட்டியிட்டபோதுதான் மலேசியாவின் பிற பகுதிகளில் பலர் அதன் பெயரைக் கேள்விப்பட்டார்கள். ஆனால் அதைச் சுற்றியுள்ள பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய், கூலிம் வட்டாரத்துக்குத் தமிழர் வரலாற்றில் நெடுங்காலமாக ஓர் இடமுண்டு. 1909-இல் கெடா சயாமின் பிடியிலிருந்து பிரிட்டிஷ் ஆலோசகரின் கைக்கு மாறியபின் இங்கே ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தொழிலாளர்கள் பினாங்கில் இறங்கி, ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் நாள் கழித்து, கங்காணிகளின் பின்னால் தோட்டம் சேர்ந்தார்கள். அவர்கள் வாழ்ந்த வரிசை வீடுகளான லயத்திலிருந்து கள்ளுக்கடை நடக்கும் தூரத்தில் இருந்தது. குடியை நிறுத்தும் முயற்சிகளும் அதே லயங்களில்தான் தொடங்கின.

அந்த முயற்சிகளில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. கடையை மூடுவது ஒன்று. குடியை விட்டவன் மறுபடி அதில் விழாமல் காப்பது மற்றொன்று. முதல் வேலைக்குக் கெடாவில் கூட்டமும் கொடியும் மறியலும் சிறைவாசமும் உண்டு. இரண்டாவது வேலை பல பத்தாண்டுகள் பிந்தி, சத்தமில்லாமல் வந்தது. இன்றைய குடிமீட்புக் கூட்டங்களைப் புரிந்துகொள்ள முதல் வேலையின் கதையையும் அறிந்திருக்க வேண்டும். குடியை எல்லாரும் கூடித்தான் விரட்ட வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் அங்கேதான் வேர் பிடித்தது.

தோட்டத்துக் கள்ளுக்கடை தானாக முளைத்ததல்ல. உரிமம் பெற்று, பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் மேற்பார்வையில் நடந்தது. தொழிலாளி விடியுமுன் பெரட்டு எனும் ஆள்கணக்குக்குப் போய், பால்மரம் வெட்டி, பால் எடுத்து நிறுத்துக் கொடுத்து முடிக்க நண்பகல் தாண்டும். கடை திறக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான். தென்னம்பாளையில் காலையில் இறக்கிய கள் அதற்குள் நன்றாகப் புளித்து ஏறியிருக்கும். காலை முழுவதும் கொசுக்கடியில் நின்று வந்த உடம்புக்கு அது முதல் ஆறுதல். தோட்டத்தில் வேறு பொழுதுபோக்கு அரிது. மேளம் கொட்டும் திருவிழாவும் எப்போதாவது வரும் படமும்தான். ஆகவே கடைவாசலே ஆண்களின் கூடுமிடமானது. ஊர்ச்செய்தியும் கடன்பேச்சும் சண்டையும் சமாதானமும் அங்கேதான்.

கடைக்கு ஆதரவாகத் துரைமார்கள் சொன்ன காரணங்கள் பல. கள்ளில் ஈஸ்ட் சத்து உண்டு, தீட்டிய அரிசியையே நம்பியிருக்கும் உடம்புக்கு அது நல்லது என்றார்கள். கள் கிடைக்காவிட்டால் தொழிலாளி வெளியே போய்ச் சம்சு என்ற சாராயத்தைக் குடிப்பான், அது இன்னும் கெடுதல் என்றார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருந்தது. சொல்லப்படாத காரணமும் ஒன்றுண்டு. கடை தோட்டத்துக்குள் இருந்தால் ஆள் தோட்டத்தைவிட்டுப் போகமாட்டான், சம்பளத்தின் ஒரு பகுதி திரும்ப வந்துவிடும், அரசுக்கு வரியும் சேரும். கள் விற்பனை லாபத்திலிருந்து தொழிலாளர் நலனுக்கென்று நிதி ஒதுக்கும் வழக்கமும் ஏற்பட்டது. விளையாட்டுத் திடலுக்கும் விழாவுக்கும் அந்தப் பணம் பயன்பட்டது. தொழிலாளியைக் குடிக்கவைத்து அவனுடைய பணத்திலேயே அவனுக்குத் திடல் போட்டுக்கொடுத்த இந்த ஏற்பாட்டை அன்றைய இந்தியச் சங்கத் தலைவர்கள் ஏளனம் செய்ததில் வியப்பில்லை.

கூலியைப் பார்த்தால் குடியின் எடை தெரியும். 1920-களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசும் பெண்ணுக்கு 40 காசும் தரக் கூலியாகப் பேசப்பட்டன. 1930-களின் தொடக்கத்தில் உலக மந்தத்தால் ரப்பர் விலை விழுந்தபோது கூலி ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கள்ளுக்கடை அப்போதும் திறந்தே இருந்தது. வீட்டில் அரிசி வாங்கும் பணத்தைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். மதுவிலக்குப் பேச்சு தோட்டங்களுக்கு வந்தபோது அவர்களிடம் ஆதரவு கிடைத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

மதுவிலக்குப் பேச்சு தமிழ்நாட்டிலிருந்தே வந்தது. பெரியார் காங்கிரஸில் இருந்த காலத்தில், கள்ளுக்கடை மறியலையொட்டித் தம் தோப்பின் தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்த செய்தி மலாயாத் தமிழர்களுக்கும் தெரிந்திருந்தது. 1929 இறுதியில் அவரே மலாயாவுக்கு வந்தார். தன்மானம், சாதியொழிப்பு ஆகியவற்றுடன் குடியொழிப்பும் சீர்திருத்தச் சங்கங்களின் பேச்சில் இடம்பெற்றது. 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு தோட்டங்கள்வரை போய்ச் சேர்ந்தது. படித்தவர் ஒருவர் வாசிக்க, சுற்றி உட்கார்ந்து கேட்பவர் பலர். 1936-இல் உருவான மலாயா மத்திய இந்தியர் சங்கம் கள்ளுக்கடைகளைத் தொழிலாளர் பிரச்சினையாகவே கண்டது. 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, சேலத்திலிருந்து வந்து கெடாவில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு அது தன் வீட்டுச் செய்தி. அடுத்த ஆண்டு 1938 ஜூனில் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குக் கூலியாட்கள் போவதைத் தடைசெய்தது. கங்காணியின் காலம் முடிந்தது, கள்ளுக்கடையின் காலம் முடியவில்லை.

1941-இல் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வெடித்த வேலைநிறுத்தத்தில் கோரிக்கைப் பட்டியல் ஒன்று வந்தது. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கவேண்டிய கட்டாயத்தை நீக்குதல் ஆகியவற்றுடன், தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அதில் இருந்தது. கூலியும் மரியாதையும் கள்ளும் ஒரே வரிசையில் நின்றன. தலைவர் ஆர். எச். நாதன் கைதானார். படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் 5 பேர் இறந்தார்கள். குடி தனிமனிதனின் ஒழுக்கக் குறை என்ற துரைமார்களின் கருத்தைத் தொழிலாளர்கள் ஏற்கவில்லை என்பது அந்தப் பட்டியலிலேயே தெளிவு. கடையை வைத்தவன் யார் என்ற கேள்வியை அவர்கள் முன்வைத்தார்கள்.

போர் எல்லாவற்றையும் கலைத்துப்போட்டது. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் பிடித்துச் செல்லப்பட்டார்கள். கெடா 1943-இல் ஜப்பானியர் கையிலிருந்து மீண்டும் சயாமின் ஆட்சிக்குப் போனது. அதே ஆண்டு நேதாஜி சிங்கப்பூர் வந்து இந்திய தேசிய ராணுவத்தைத் தம் கையில் எடுத்தார். அதுவரை எழுத்தரான கிராணிக்கும் மேற்பார்வையாளரான தண்டலுக்கும் குனிந்து பழகிய இளைஞர்கள் அணிவகுத்து நடக்கவும், ஆணைக்குக் கட்டுப்படவும், தலைநிமிர்ந்து வணங்கவும் கற்றார்கள். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்தபோது தோட்டத்தில் அவர்களை எதிர்கொண்டவர்கள் பழைய ஆட்கள் அல்லர்.

அந்த மாற்றத்தின் கூர்மையான வடிவம் கெடாவில்தான் உருவானது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தைச் சேர்ந்த ஏ. எம். சாமி என்பவரின் தலைமையில் தொண்டர் படை எழுந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் கிளை பரவியது. இளைஞர்கள் சீருடை அணிந்தார்கள், மாலையில் திடலில் அணிவகுப்புப் பயிற்சி செய்தார்கள், கம்பு ஏந்தினார்கள். முன்னாள் தேசிய ராணுவ வீரர்களின் கைவண்ணம் அதில் தெரிந்தது. லயத்தைச் சுத்தம் செய்தல், சாதி பார்ப்பதைத் தடுத்தல், வழக்குகளைத் தாங்களே பேசித் தீர்த்தல் எனப் பல வேலைகள் அவர்களுக்கு இருந்தன. ஆனால் மக்கள் நினைவில் நின்றது கள்ளுக்கடை மறியல்தான். குடித்துவிட்டு வந்து அகப்பட்டவனைப் பஞ்சாயத்தில் நிறுத்தினார்கள், தண்டனையும் கொடுத்தார்கள். பல தோட்டங்களில் கடைக்கு ஆள் வருவது குறைந்தது.

குடியொழிப்பில் இவ்வளவு வேகம் ஏன் என்று துரைமார்களுக்கும் காவல்துறைக்கும் புரியவில்லை, அல்லது அவர்களுக்கு மிக நன்றாகவே புரிந்தது. ஒரு படை கள்ளுக்கடையை மூடவைக்க முடிந்தால், நாளை பெரட்டையும் நிறுத்த முடியும். கெடாவில் இந்தியத் தொழிலாளர் சங்கமும் தொண்டர் படையும் பின்னிப்பிணைந்திருந்ததால் இந்த அச்சம் வீணானதும் அல்ல. 1947 பிப்ரவரி இறுதியில் பீடோங்கில் கள்ளுக்கடை மறியலையொட்டிக் காவல்துறையுடன் மோதல் ஏற்பட்டது. அடிபட்ட தொழிலாளி ஒருவர் இறந்தார். மார்ச் தொடக்கத்தில் புக்கிட் செம்பிலான் தோட்டத்தில் காவலர்களுக்கும் தொழிலாளருக்கும் மோதல் நடந்து, கூட்டமாகக் கைது செய்யப்பட்டவர்கள் அவசர விசாரணைக்குப் பிறகு சிறைக்குப் போனார்கள். ஏப்ரல் இறுதியில் டப்ளின் தோட்டத்தில் கூட்டத்தின்மேல் துப்பாக்கி நீண்டது. இந்திய அரசின் பிரதிநிதியாக அப்போது மலாயாவிலிருந்த எஸ். கே. செட்டூர் வரை விவகாரம் போனது. படை ஒடுக்கப்பட்டது. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் எஞ்சியிருந்த தீவிரத் தொழிலாளர் அமைப்புகளும் சிதறின.

தொண்டர் படையைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அதன் அரசியலோடு நின்றுவிடுகின்றன. குடியொழிப்பு வேலையாக அதை எடைபோட்டவர்கள் குறைவு. அது சாதித்தது பெரிது. குடிப்பதைப் பற்றிய ஊரின் கண்ணோட்டத்தை ஒன்றிரண்டு ஆண்டுகளில் தலைகீழாக்கியது, குடிக்காமலிருப்பதைத் தன்மானமாக மாற்றியது. ஆனால் அதன் கருவி அச்சமும் வெட்கமும். குடிக்கு அடிமையாகிக் கை நடுங்கியவனுக்கும் திருவிழாவன்று மட்டும் குடித்தவனுக்கும் ஒரே தண்டனை. படை இருக்கும்வரை குடி அடங்கியது. படை போனபின் கை நடுங்கியவனுக்கு எந்தத் துணையும் இல்லை. இது அக்காலத்தவரின் குறை என்று சொல்வதற்கில்லை. குடி ஒரு நோய், அதற்குத் தொடர்ந்த துணை வேண்டும் என்ற எண்ணம் உலகில் எங்குமே அப்போதுதான் வேர்பிடித்துக்கொண்டிருந்தது.

தோட்டத்து மக்களிடம் அதற்குமுன்பே வேறொரு வழி இருந்தது. அது விரதம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவன் நாள் குறித்து அசைவத்தையும் மதுவையும் விடுவான். பினாங்குத் தண்ணீர்மலைக்குப் போய்வரும்வரை அவன் நாக்கு நனையாது. ஐயப்பனுக்கு மாலை போடுபவனும் அப்படித்தான். கோயிலில் சத்தியம் வாங்குவதும் சாமி முன்னால் கயிறு கட்டிவிடுவதும் தமிழ்நாட்டில் போலவே இங்கும் உண்டு. குடும்பமே கூடி நிற்பதால் விரதகாலத்தில் குடியை விடுவது கடினமில்லை, அடுப்பும் பேச்சும் அவனுக்காகவே மாறியிருக்கும். சிக்கல் மாலையைக் கழற்றும் நாளில்தான். பலர் கழற்றிய அன்று மாலையே கடைக்குப் போனார்கள். இதில் ஒரு முரணும் உண்டு. தோட்டத்துக் காவல்தெய்வங்களான முனியாண்டிக்கும் மதுரைவீரனுக்கும் சுருட்டோடு சாராயமும் படைக்கும் வழக்கம் அதே மக்களுடையது. ஒரு சாமிக்காகக் குடியை விட்டவன் மறு சாமியின் படையலில் அதைத் தொட்டான்.

சுதந்திரத்துக்குப் பின் தோட்டத்துக் கள் மெல்ல மெல்லப் பின்வாங்கியது. தொழிற்சங்கங்களும் மணிமன்றங்கள் போன்ற இளைஞர் அமைப்புகளும் கள்ளுக்கடைக்கு எதிராகப் பேசின. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, கடைகள் ஒவ்வொன்றாக மூடின. வெற்றிபோலத் தோன்றிய இந்தக் காலத்தில்தான் நிலைமை மோசமானது. கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. மலிவான, கடுமையான சாராயம் சின்னஞ்சிறு பாட்டில்களில் மளிகைக்கடையிலேயே கிடைத்தது. ஒரு சட்டைப்பையில் அடங்கும். கள்ளைக் கடையில் உட்கார்ந்து, பிறர் பார்க்கக் குடிக்கவேண்டும். சம்சுவை வேலைக்காட்டுக்கே கொண்டுபோகலாம். உடல்வலி தீரும், வாதம் போகும், செரிக்கும் என்றெல்லாம் பாட்டிலின் மேல் எழுதி விற்றதைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல ஆண்டுகள் அம்பலப்படுத்தியது. 1969-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் எஸ். எம். முகமது இத்ரிஸ். தோட்டத்துக் குடியை நாட்டுப் பிரச்சினையாகப் பேசவைத்ததில் அவருக்குப் பங்குண்டு. சட்டம் தாமதமாகவே வந்தது. மது வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது 2017 டிசம்பரில்தான். 2018-இல் மெத்தனால் கலந்த போலி மது பலரைக் கொன்றபோது, மலிவான குடியின் ஆபத்தை நாடு மறுபடியும் பேசியது.

கள்ளுக்கடை மூடியும் குடி நின்றுவிடவில்லை என்பதைத் தோட்டம் இப்படித்தான் கற்றது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் சுங்கை பட்டாணியில் தாமான் எனப்படும் குடியிருப்புகளிலும் பீடோங் ஓரங்களிலும் குடியேறின. லயத்தில் குடித்துவிட்டு வந்தவனைத் திட்டிப் படுக்கவைக்க அண்டை வீட்டார் இருந்தார்கள், கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆயா இருந்தாள். தாமானில் கதவைச் சாத்திவிட்டால் யாருக்கும் தெரியாது. முற்றியவர்களுக்கு இருந்த ஒரே புகலிடம் பேராக் மாநிலத்துத் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-இல் திறந்த மனநோய் மருத்துவமனை. அந்த ஊர்ப்பெயரே ஏச்சுச் சொல்லாகிவிட்டதால், குடும்பங்கள் அங்கு அனுப்புவதை மானக்கேடாக நினைத்தன.

குடியை விட்டவன் மறுபடி விழாமல் காக்கும் இரண்டாவது வேலையின் கதை வேறொரு கண்டத்தில் தொடங்குகிறது. 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஒரு மதுக்கடையில் ஆறு குடிகாரர்கள் கூடிக் குடியை விடுவதாக உறுதியெடுத்தார்கள். தங்கள் கதையைப் பிறருக்குச் சொல்லியே ஆட்களைச் சேர்த்தார்கள். வாஷிங்டோனியர் எனப்பட்ட அவர்கள் சில ஆண்டுகளில் பல்லாயிரமாகப் பெருகி, மதுவிலக்கு அரசியலில் இழுபட்டுச் சில ஆண்டுகளிலேயே கரைந்தும் போனார்கள். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1935 ஜூனில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், பில் என்ற பங்குத்தரகரும் பாப் என்ற அறுவை மருத்துவரும் சேர்ந்து ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இருவருமே குடிநோயாளிகள். குடிகாரனிடம் மருத்துவரும் பாதிரியாரும் மனைவியும் பேசித் தோற்ற இடத்தில், இன்னொரு குடிகாரன் பேசினால் காது கொடுக்கிறான் என்பதுதான் அவர்கள் கண்டுபிடிப்பு. 1939-இல் வந்த அவர்களின் நூலில் பன்னிரண்டு படிகள் வகுக்கப்பட்டன. பின்னர் பன்னிரண்டு மரபுகளும் சேர்ந்தன.

அந்த மரபுகளைத் தொண்டர் படையின் விதிகளோடு ஒப்பிட்டால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். இங்கே தலைவன் இல்லை, சீருடை இல்லை, உறுப்பினர் பதிவேடு இல்லை, தண்டனை இல்லை. குடியை விடவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே சேரத் தகுதி. பெயர் வெளியே போகாது. வெளியார் பணத்தை வாங்குவதில்லை, கூட்டத்தின் நடுவே சுற்றிவரும் பையில் விழும் சில்லறையே வாடகைக்கும் தேநீருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளி விவகாரங்களில் இயக்கத்துக்குக் கருத்தில்லை. மதுவிலக்கு வேண்டுமா, கடையை மூடவேண்டுமா, வரி ஏற்றவேண்டுமா என்பதில் அது வாய்திறக்காது. வாஷிங்டோனியர் கரைந்த கதை இந்த மரபின் தேவையை நன்றாகவே விளக்குகிறது. கெடாவின் பழைய மறியல்காரருக்கு இந்த மௌனம் கோழைத்தனமாகத் தோன்றியிருக்கும். ஆனால் கடையைப் பற்றிய சண்டை கூட்டத்துக்குள் வராததால்தான் கடைக்காரனின் மகனும் அங்கே வந்து உட்கார முடிகிறது.

தமிழர்களிடையே இந்த வழிக்கு மருத்துவத் துணை சேர்த்ததில் சென்னை முந்திக்கொண்டது. கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி. டி. ரங்கநாதன் ஆய்வு மருத்துவ நிறுவனம், மக்கள் வழக்கில் டி.டி.கே. மருத்துவமனை, சிகிச்சை முடிந்தவர்களைக் கூட்டங்களுக்கு அனுப்பும் பழக்கத்தை வேரூன்றச் செய்தது. குடிநோய், குடிநோயாளி, மீண்டவர் என்ற சொற்கள் தமிழில் நிலைத்ததில் இத்தகைய நிலையங்களுக்கும் கூட்டங்களுக்கும் பங்குண்டு. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் மூல நூல் தமிழிலும் கிடைக்கிறது.

கோல மூடா வட்டாரத்தில் ஒருவர் இன்று குடியை விட நினைத்தால் முதலில் மருத்துவரைப் பார்க்கவேண்டும். தினமும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை மனம் பேதலித்துப் பிதற்றும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். விரதத்துக்கு முந்தின நாள்வரை குடித்துவிட்டு அடுத்த நாள் அடியோடு நிறுத்தியவர்களுக்குச் சிலசமயம் வந்த நடுக்கத்தைச் சாமி வந்ததாக எண்ணிய வீடுகளும் உண்டு. அரசுச் சுகாதார நிலையத்தில் பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தால் குடியின் அளவை எடைபோடுவார்கள். தேவையானால் சுங்கை பட்டாணியின் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள்.

அதன்பிறகே கூட்டம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மலேசியா தன் கூட்டங்களின் இடத்தையும் நேரத்தையும் பட்டியலிட்டுத் தொலைபேசி எண்ணும் தருகிறது. அழைத்தால் பேசுபவரும் குடியை விட்டவராகவே இருப்பார். இடமும் நேரமும் மாறுவதுண்டு என்பதால், கிளம்புமுன் அழைத்துக் கேட்பது நல்லது. மருத்துவமனைச் சமூகப் பணியாளரிடமும் விவரம் கிடைக்கும். கூட்டம் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்கும் ஏதாவது ஓர் அறையில் நடக்கும். உலகெங்கும் தேவாலயக் கூடங்களே மலிவாகக் கிடைப்பதால் பல குழுக்கள் அங்கே கூடுகின்றன. இது இந்துக் குடும்பங்களில் மதம் மாற்றுகிறார்களோ என்ற ஐயத்தைக் கிளப்புவதுண்டு. படிகளில் வரும் கடவுள் எந்த மதத்துக் கடவுளும் அல்ல, அவரவர் விளங்கிக்கொண்டபடி என்றே எழுதப்பட்டுள்ளது. முருகனை நினைத்துப் படிகளை ஏறுபவரையும், எதையும் நம்பாமல் கூட்டத்தையே நம்பி வருபவரையும் யாரும் கேள்வி கேட்பதில்லை.

சிற்றூரில் பெயர் மறைப்பதுதான் பெரிய தலைவலி. லயத்தில் வளர்ந்தவர்களுக்கு எல்லாரையும் தெரியும், அவர்கள் தாத்தாவையும் தெரியும். கூட்டம் நடக்கும் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றாலே செய்தி பரவிவிடும் என்ற அச்சம் உண்டு. அதனால் அடுத்த ஊர்க் கூட்டத்தைத் தேடிப்போகிறவர்களும், பினாங்குவரை போகிறவர்களும் இருக்கிறார்கள். வண்டி இல்லாதவருக்கு அது முடியாது. மாலையில் பேருந்து அரிதான ஊர்களில், ஏற்கெனவே குடியை விட்ட ஒருவர் வழியில் ஏற்றிக்கொள்வதே நடைமுறை. அந்தப் பயணத்தின் பேச்சுக்கும் கூட்டத்தில் பாதி மதிப்பு உண்டு என்பார்கள் பழையவர்கள்.

கூட்டத்தில் திறந்தது, மூடியது என இரண்டு வகை. திறந்த கூட்டத்துக்கு மனைவியோ மகனோ உடன்வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். முதல்முறை வருபவர் திறந்ததற்கு வருவது எளிது. ஒருவர் நடத்துவார், தொடக்கத்தில் சில வரிகள் வாசிக்கப்படும். பிறகு ஒவ்வொருவராகத் தம் பெயரைச் சொல்லி, தாம் குடிநோயாளி என்று சொல்லித் தம் கதையைப் பேசுவார்கள். தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்து வரும். குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. புதியவர் பேசவேண்டிய கட்டாயம் இல்லை, தலையாட்டினாலே போதும். வாழ்நாள் முழுவதும் குடிக்கமாட்டேன் என்ற சத்தியம் இங்கே கேட்கப்படுவதில்லை. இன்றைக்கு ஒருநாள் குடிக்காமலிருப்பதே பேச்சு. விரத நாள்களை எண்ணிப் பழகியவருக்கு இது பழக்கமான கணக்கு, மாலையைக் கழற்றும் நாள் மட்டும் இதில் இல்லை. மறுபடி குடித்துவிட்டு வந்தவரையும் வெளியே நிறுத்துவதில்லை. பஞ்சாயத்தில் தலைகுனிந்து நின்ற ஆண்களின் பேரன்களுக்கு இதை நம்பவே சில வாரம் பிடிக்கும்.

சில வாரம் வந்தபின், நீண்டகாலம் குடிக்காத ஒருவரை வழிகாட்டியாகத் தேர்ந்துகொள்ளலாம். ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் தேர்வது வழக்கம். மனம் தடுமாறும் நேரத்தில் அவரை அழைக்கவேண்டும். சம்பள நாள் மாலை, தீபாவளி முன்னிரவு, கல்யாண வீடு, சாவு வீடு ஆகிய நான்கும் கெடாத் தமிழனுக்கு ஆபத்தான வேளைகள். மற்ற நாடுகளில் முதல் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். வாரத்துக்கு ஒரு கூட்டமே நடக்கும் வட்டாரத்தில் அது நடக்காத காரியம். 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது கூட்டங்கள் கைப்பேசித் திரைக்கு மாறின. பயணச் செலவும் பெயர் வெளிப்படும் பயமும் ஒருசேரக் குறைந்ததால், கட்டுப்பாடு நீங்கியபின்னும் பலர் திரைக் கூட்டத்தை விடவில்லை. கடல் தாண்டிய தமிழ்க் கூட்டங்களிலும் சேர முடிகிறது. ஆனாலும் நேரில் கூடுவதன் பிடிப்பு திரையில் வராது என்றே வழிகாட்டிகள் பலர் கருதுகிறார்கள்.

இந்த வழி எவ்வளவு பலிக்கிறது என்ற கேள்விக்கு நெடுங்காலம் அனுபவமே விடையாக இருந்தது. 2020-இல் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தொடர்ந்து குடிக்காமலிருப்பதில் இந்த இயக்கமும் அதனோடு இணைத்த சிகிச்சைகளும் பிற சிகிச்சைமுறைகளுக்குக் குறைந்தவையல்ல, பல அளவுகோல்களில் மேலானவை என்று கண்டது. கூட்டத்துக்குத் தொடர்ந்து வருபவர்களுக்கே பலன். ஒருமுறை எட்டிப்பார்த்துவிட்டு ஒத்துவரவில்லை என்று விட்டவருக்கு வேறு குழுவையும், மருந்துச் சிகிச்சையையும் மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

குடிப்பவரின் குடும்பத்துக்கென்று தனிக் கூட்டம் உண்டு. 1951-இல் பில்லின் மனைவி லோயிஸ் முன்னின்று அமைத்த அல்-அனான் குழுக்களில், கணவன் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவி சேரலாம். அவனை எப்படித் திருத்துவது என்பது அங்கே பேச்சல்ல, அவளும் பிள்ளைகளும் எப்படி நிமிர்ந்து வாழ்வது என்பதே பேச்சு. குடிக்கும் பெண்கள் நிலை இன்னும் கடினம். ஆண் குடித்தால் ஊர் சிரிக்கும், பெண் குடித்தால் ஊர் விலக்கும் என்பதால் அவர்கள் ஆண்கள் நிறைந்த கூட்டத்துக்கு வரத் தயங்குகிறார்கள், திரைக் கூட்டங்களே அவர்களில் பலருக்கு முதல் வாசலாக இருக்கின்றன. சிறிய ஊர்களில் பெண்களுக்கென்று தனிக் குழு அமைவது அரிது, ஓரிரு பெண்கள் இருந்தால் வழிகாட்டியாக வேற்றூர்ப் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்துக்கொள்வார்கள்.